பாலையில் ஒரு நெய்தற்புள்: எச்சக் கடற்காகத்தை இனங்காணலும் அதன் வாழ்வியலும்

முன்னுரை

நிலத்தைத் திணைகளாகப் பகுத்த பண்டைத் தமிழர், ஒவ்வொரு திணைக்கும் உரிய பறவையையும் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தெண்ணினர். நெய்தல் நிலத்துப் புட்களுள் சிறுவெண் காக்கை குறிப்பிடத்தக்கது. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தற் பகுதியில் அப்பறவையின் பெயராலேயே ஒரு பத்து அமைந்துள்ளது. அதனை இன்றைய கடற்காகமாகக் கொள்வாரும் உளர். கடற்காகம் என்ற அளவில் அலையும் மணலும் வலையும் படகும் நம் மனக்கண்முன் வந்து நிற்பது இயல்பு.

ஆயின், கடற்காகம் எனப் பெயர் பூண்டும், கடலைக் காணவியலாத நடு ஆசியாவின் வறண்ட வெளிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பறவை ஒன்று உண்டு. அதன் கூடுகள் உள்ள ஏரிகளுள் சில, எந்தப் பெருங்கடலினின்றும் ஈராயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளன. கோடையில் பாலையின் புள்ளாகவும் குளிர்காலத்தில் நெய்தலின் புள்ளாகவும் வாழும் இதனை விலங்கியலார் ‘ரெலிக்டஸ்’ எனும் அடைமொழியால் குறிப்பர். ‘எஞ்சியது’ என்பது அதன் பொருள். எனவே இக்கட்டுரையில் ‘எச்சக் கடற்காகம்’ என்ற பெயர் ஆளப்படுகிறது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இப்பறவை ‘அழிவாய்ப்பு இனம்’ என்னும் பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. இதனை எவ்வாறு இனங்காண்பது, இதன் பழக்கங்கள் யாவை, இதற்கு நேர்ந்துள்ள இடர் யாது என்பவற்றைத் தொகுத்துரைப்பதும், ஒரு பறவையைச் சரியாகப் பெயரிட்டறிதலே அதனைக் காத்தலின் முதற்படி என்பதனை நிறுவுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. பெயரும் அதன் வரலாறும்

சுவீடன் நாட்டு ஆய்வுப் பயணியாகிய ஸ்வென் ஹெடின் தலைமையில் 1927 ஆம் ஆண்டு சீன - சுவீடியக் கூட்டு ஆய்வுப்பயணம் ஒன்று தொடங்கிற்று. அப்பயணத்தின்போது, 1929 இல், கோபிப் பாலையின் தென்பகுதியில் எட்சின் கோல் ஆற்றின் பக்கத்தில் ஒரு கடற்காகம் பிடிக்கப்பட்டது. அதன் தோலை ஆராய்ந்த சுவீடிய விலங்கியலறிஞர் எய்னார் லோன்பெர்க், 1931 இல் அதனை உலகிற்கு அறிமுகம் செய்தார். நடுநிலக்கடற் பகுதியில் வாழும் கருந்தலைக் கடற்காகத்தின் கிளைவகை என அவர் அதனைக் கருதினார். ஒரு காலத்தில் பரந்து வாழ்ந்த கூட்டத்தினின்று எஞ்சி நின்றது என்ற எண்ணத்தில் ‘ரெலிக்டஸ்’ எனப் பெயரிட்டார்.

‘எச்சம்’ என்ற தமிழ்ச் சொல் பல பொருள் குறித்து வழங்குவது. மிஞ்சியது என்பது ஒரு பொருள். வழித்தோன்றல் என்பது மற்றொன்று. இலக்கணத்தில் முற்றுப்பெறாது வேறொரு சொல்லை அவாவி நிற்பது எச்சம். பறவையின் கழிவையும் எச்சம் என்றே கூறுகிறோம். திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தில், ஒருவரின் தகுதியை எதனால் அறியலாம் என்பதனைக் கூறுமிடத்து வள்ளுவர் இச்சொல்லை ஆள்கிறார். பரிமேலழகர் அங்கு மக்கள் எனப் பொருள் கொண்டார். இப்பறவையின் தகுதியும் இறுதியில் அதன் மக்களைக் கொண்டே, அஃதாவது அதன் பார்ப்புகளைக் கொண்டே, முடிவு செய்யப்பட்டது என்பது வியப்பிற்குரியது. அதனை அடுத்துக் காண்போம்.

2. தனியினமா, கலப்பினமா?

லோன்பெர்க்கின் அறிவிப்பிற்குப் பின் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் இப்பறவையைப் பற்றிய ஐயம் நீங்கவில்லை. கையிலிருந்தவை ஒன்றிரண்டு தோல்களே. கூட்டைக் கண்டவர் இலர். முட்டையைக் கண்டவர் இலர். எனவே, இது பழுப்புத்தலைக் கடற்காகத்தின் திரிந்த வடிவமே என்றனர் ஒரு சாரார். 1962 இல் சார்லஸ் வோரி என்னும் பறவையியலறிஞர் நடு ஆசியக் கருந்தலைக் கடற்காகங்களை ஆராய்ந்து, பெரிய கருந்தலைக் கடற்காகமும் பழுப்புத்தலைக் கடற்காகமும் கலந்து பிறந்த கலப்புயிரே இது என முடிவு கூறினார். தோலை மட்டும் வைத்து நோக்கின் அம்முடிவு பொருத்தமற்றதன்று. உடலளவு அவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாகத் தோன்றிற்று. தலையின் கருமை ஒன்றனையும், அலகின் செம்மை மற்றொன்றனையும் ஒத்திருந்தன.

இவ்வையத்தை நீக்கியவர் கசக்கு நாட்டுப் பறவையியலாளர் எர்னார் அவுயேசவ். ‘அபாயின் வழி’ என்னும் பெரும் புதினத்தைப் படைத்துக் கசக்கு உரைநடையின் தலைமகனாகப் போற்றப்படும் முக்தார் அவுயேசவின் (1897 - 1961) மைந்தர் இவர். தந்தை தம் மக்களின் கவிஞர் அபாயின் வரலாற்றை எழுத்தில் நிலைநிறுத்தினார்; மகனோ தம் நாட்டு ஏரியில் வாழ்ந்த ஒரு பறவைக்கு உரிய இடத்தை அறிவியலில் பெற்றுத் தந்தார்.

1960 களின் இறுதியில், கசக்குத்தானின் கிழக்கெல்லையை ஒட்டிய அலாக்கோல் ஏரித்தீவில் இப்பறவைகள் கூட்டமாகக் கூடமைத்திருந்ததை அவர் கண்டார். அங்கே எச்சக் கடற்காகம் எச்சக் கடற்காகத்துடனேயே இணை சேர்ந்திருந்தது. தாயும் தந்தையும் ஒரே வடிவின. பார்ப்புகளும் தம்முள் ஒத்த தோற்றத்தின. கலப்புயிராயின், வேறுபட்ட இரண்டு பெற்றோர் அங்கே இருத்தல் வேண்டும். பிறப்பவையும் ஒன்றுபோல் ஒன்று இராமல் வேறுபடுதல் வேண்டும். அவ்வாறு எதுவும் இல்லாமையால் இது தனியினமே என 1970, 1971 ஆம் ஆண்டுகளில் வெளியான தம் கட்டுரைகளில் அவர் நிறுவினார்.

பின்வந்த மரபணு ஆய்வுகள் இதற்கு மேலும் வலுவூட்டின. 2005 இல் வெளியான கடற்காகங்களின் மரபுவழி ஆய்வு, எச்சக் கடற்காகத்தை நடுநிலக்கடற் கருந்தலைக் கடற்காகமும் பெரிய கருந்தலைக் கடற்காகமும் அடங்கிய குழுவில் வைத்தது. பழுப்புத்தலைக் கடற்காகமோ வேறொரு குழுவைச் சார்ந்தது. எனவே, பெற்றோருள் ஒன்று எனக் கருதப்பட்ட பறவை இதற்கு நெருங்கிய உறவே அன்று என்பது தெளிவாயிற்று. கிளைவகை எனக் கொண்டதில் லோன்பெர்க் பிழைத்தாரேனும், உறவு எத்திசையில் உள்ளது என்பதனை ஒரே ஒரு தோலைக் கொண்டு அவர் உணர்ந்தமை பாராட்டத்தக்கது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்று உண்டு. கலப்பு எனக் கருதப்பட்ட வரையில் இப்பறவையைக் காக்க வேண்டும் என்று எவரும் கூறவில்லை, கூறவும் இயலாது. தற்செயலாய்ப் பிறந்த ஒன்றிற்கு இனம் ஏது, அழிவு ஏது? தனியினம் என்ற பெயர் கிடைத்த பின்னரே சட்டமும் உடன்படிக்கையும் அதன் பக்கம் திரும்பின.

3. இனங்காணும் முறை

கடற்காகங்களை இனங்காணுதல் எளிதன்று. ஒரே பறவை பருவத்திற்கேற்பவும் அகவைக்கேற்பவும் தோற்றம் மாறுவதே அதற்குக் காரணம். ஆகவே ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறு. பின்வரும் ஆறு கூறுகளையும் வரிசையாக நோக்குதல் வேண்டும்.

அ) உடலளவு: நீளம் ஏறத்தாழ 45 செ.மீ. நடுத்தர உருவம், திரண்ட மார்பு, சற்றே நீண்ட கால்கள். நிற்கும்போது நிமிர்ந்த தோற்றம் உடையது.

ஆ) தலை: இனப்பெருக்கக் காலத்தில் தலை முழுவதும் கருநிறம் போர்த்தது போல் இருக்கும். அலகை ஒட்டிய நெற்றிப்பகுதியில் மட்டும் கருமை குன்றிப் பழுப்புச் சாயல் தோன்றும். கருமை பிடரியில் நன்கு கீழிறங்கி முடியும்.

இ) கண்: கண்ணின் மேலும் கீழும் பின்புறமாக அகன்ற வெண்பிறைகள் இரண்டு உள்ளன. கருந்தலையின் நடுவே இவை தொலைவிலிருந்தும் பளிச்சிடும். கண்ணின் பாவையைச் சூழ்ந்த வட்டம் கருமையானது. இது மிகத் தேவையான அடையாளம் என்பதை நினைவிற் கொள்க.

ஈ) அலகும் காலும்: அலகு தடித்தது, நீளம் குறைந்தது, ஆழ்ந்த செந்நிறத்தது. கால்களும் அவ்வாறே செந்நிறம் உடையவை.

உ) சிறகு: முதுகும் சிறகின் மேற்புறமும் வெளிர்சாம்பல். சிறகு நுனியில் கருமை உண்டு. அக்கருமையின் ஓரங்களில் வெண்புள்ளிகள் உண்டு. அமர்ந்திருக்கும்போது இவ்வெண்புள்ளிகள் வாலின்மேல் கோத்த மணிகள் போல் வரிசையாகத் தெரியும். வால் தூய வெண்மை.

ஊ) நடை: சேற்றுவெளியில் இரை தேடும்போது உப்புக்கொத்திப் பறவைகளைப் போலச் சிறிது ஓடுவதும், நிற்பதும், குனிந்து கொத்துவதுமாக இயங்கும். தோற்றம் ஐயத்தைத் தரும் போதும் இந்நடை துணை செய்யும்.

குளிர்காலத்தில் தலையின் கருமை மறைந்து வெண்மையாகிவிடும். பிடரியில் மட்டும் கரும்பொறிகள் சிதறிக் கிடக்கும். முதலாண்டுப் பறவைக்கு அலகும் காலும் கருமை கலந்தவை. வாலின் முனையில் மெல்லிய கரும்பட்டை ஒன்று இருக்கும். முதிர்ந்த பறவையின் முழுத்தோற்றம் ஏறத்தாழ மூன்றாம் ஆண்டில் அமைகிறது.

4. ஒத்த பறவைகளினின்று பிரித்தறிதல்

ஒப்புமையும் வேற்றுமையும் அறிந்தே ஒரு பொருளை வரையறுத்தல் கூடும். இப்பறவையோடு மயங்கத்தக்கவை மூன்று.

முதலாவது, பழுப்புத்தலைக் கடற்காகம். இதன் நீளம் 41 முதல் 45 செ.மீ.; எனவே உடலளவு கொண்டு பிரித்தல் அரிது. ஆயினும் இதன் தலைப்போர்வை பழுப்பு நிறம், அலகு மெலிந்தது. முதிர்ந்த பறவையின் கண்வட்டம் வெளிறியது. எச்சக் கடற்காகத்தின் கண்வட்டமோ கருமையானது. குளிர்காலத்தில் இரண்டும் தலைப்போர்வையை இழந்து வெண்தலையாக நிற்கும்போதும் கண் மாறுவதில்லை. அகன்ற கருஞ்சிறகு நுனியில் தனித்து விளங்கும் வெண்திட்டுகளும் பழுப்புத்தலைக்கு உரியன.

இரண்டாவது, பெரிய கருந்தலைக் கடற்காகம். தலை கருமை, கண்ணருகே வெண்பிறை என்னும் இரண்டிலும் எச்சக் கடற்காகத்தை ஒக்கும். எனினும் இது உருவிற் பெரிது. 57 முதல் 72 செ.மீ. வரை நீளம் உடையது. கால்கள் மஞ்சள் நிறத்தவை. அலகும் மஞ்சளே, அதன் முனையை ஒட்டிக் கருமையும் செம்மையும் கொண்ட பட்டை உண்டு. அருகே நின்றால் ஐயத்திற்கே இடமில்லை.

மூன்றாவது, லோன்பெர்க் நினைந்த நடுநிலக்கடற் கருந்தலைக் கடற்காகம். அலகும் காலும் சிவப்பாயினும், முதிர்ந்த பறவையின் சிறகு நுனியில் கருமை சிறிதும் இல்லை, முழுதும் வெண்மை. இவ்வொன்றே வேறுபடுத்தப் போதுமானது.

முதலிரண்டு பறவைகளும் நமக்கு அயலானவை அல்ல. கோடைக்காலத்தில் நடு ஆசியாவில் வாழ்ந்து, குளிர்காலத்தில் பழவேற்காடு, கோடியக்கரை, தனுசுக்கோடி முதலிய நம் கரைகளுக்கு வலசை வருபவை அவை. எச்சக் கடற்காகத்தின் பெற்றோர் எனத் தவறாக எண்ணப்பட்ட இரண்டையும் ஒரே கரையில் நின்று காணும் வாய்ப்புத் தமிழகத்து மாணவர்க்கு உண்டு. அவற்றின் கண், அலகு, கால், சிறகு நுனி ஆகியவற்றைக் குறித்துப் பழகியவர்க்கு மேலே கூறிய வேற்றுமைகள் படிக்கும்போதே விளங்கும்.

5. கூடமைக்கும் இயல்பு

எச்சக் கடற்காகம் கூடமைக்கும் இடங்கள் மிகச் சில. கசக்குத்தானின் அலாக்கோல், பால்காசு ஏரிகள். உருசியாவின் பைக்காலுக்கு அப்பாற்பட்ட தோரெய் ஏரிகள். மங்கோலியாவின் சில ஏரிகள். சீனத்தின் உள்மங்கோலியாவில் ஓர்டோசு மேட்டுநிலமும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும் அவை. இவை பெரும்பாலும் உவர்நீர் ஏரிகள். மழையையும் பனியுருகலையும் நம்பியிருப்பவை. நீர் வரும் ஆண்டில் விரிந்தும், வாராத ஆண்டில் சுருங்கியும் நிற்பவை.

இவ்வேரிகளிலும் எல்லாத் தீவுகளும் இப்பறவைக்கு ஏற்றவை அல்ல. உயரம் குறைந்த, புல்பூண்டு அதிகம் மூடாத, மணலோ சரளையோ பரந்த சிறு தீவையே இது தேர்ந்தெடுக்கும். நீர் மிகின் தீவு மூழ்கும். கூடுகள் அடித்துச் செல்லப்படும். நீர் குறையின் தீவு கரையோடு இணைந்துவிடும். நரி முதலிய விலங்குகள் நடந்தே வந்து சேரும். ஆகவே மிகாமலும் குறையாமலும் நீர் நிற்கும் ஏரியைத் தேடி இது ஆண்டுதோறும் இடம் மாறும். சென்ற ஆண்டில் ஆயிரம் இணைகள் இருந்த தீவில் இவ்வாண்டில் ஒன்றும் இல்லாதிருத்தல் கூடும். அதனைக் கண்டு பறவை அழிந்தது என்று கூறிவிடல் ஆகாது. வேறோர் ஏரிக்குப் பெயர்ந்திருக்கலாம். பெயர்ந்து செல்ல வேறோர் ஏரி இருத்தல் வேண்டும் என்பதே இங்கு உயிர்நாடி.

மே மாதத் தொடக்கத்தில் கூடமைத்தல் நிகழும். மண்ணில் தோண்டிய சிறு குழியில் உலர்ந்த புல்லும் இறகும் இட்டதே கூடு. கூடுகள் ஒன்றையொன்று ஒட்டி மிக நெருக்கமாக அமையும். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று முட்டைகள். தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்க, மூன்றரை வாரம் அளவில் பார்ப்புகள் வெளிவரும். பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களைத் தொல்காப்பியர் மரபியலில் வகுத்துள்ளார். வெளிர்நிறத் தூவி போர்த்த இப்பார்ப்புகள், பிறந்த சில நாட்களிலேயே கூட்டை விட்டுக் கூட்டமாகத் திரியத் தொடங்கும்.

நெருங்கி வாழ்தல் இவற்றின் வலிமை, அதுவே மெலிவுமாகும். ஆலங்கட்டி மழையோ பெருங்காற்றோ ஒருமுறை வீசின், ஒரு தீவின் முட்டைகளும் பார்ப்புகளும் ஒருங்கே அழிந்துபோவதுண்டு. மனிதர் தீவில் கால் வைத்தாலும் கேடு நேரும். முதிர்ந்த பறவைகள் அஞ்சி எழும்; காப்பற்ற முட்டைகளைப் பிற கடற்காகங்கள் கவரும்; கலைந்தோடும் பார்ப்புகள் அயற்கூட்டுப் பறவைகளால் கொத்துண்டு இறக்கும். அன்பு மிகுதியால் அருகிற் சென்று பார்க்க விழைபவரும் அறியாமலே அழிவு செய்பவராகின்றனர்.

6. உணவும் வலசையும்

உணவிலும் இப்பறவை இரு திணைக்கு உரியது. கோடையில் ஏரிக்கரையிலும் புல்வெளியிலும் பூச்சிகளே முதன்மை உணவு. நீரில் வளர்ந்து வெளிவரும் சிறு கொசுவினங்கள், வண்டுகள், வெட்டுக்கிளிகள் முதலியவற்றைப் பெரிதும் உண்ணும்; சிறுமீன்களையும் கொள்ளும். குளிர்காலத்தில் கடற்கரைச் சேற்றுவெளியில் நண்டு, சிப்பி, சிறுமீன் ஆகியவற்றை உண்டு வாழும்.

குளிர்காலத்தில் இப்பறவை எங்குச் செல்கிறது என்பது நெடுங்காலம் தெரியாதிருந்தது. வடகீழ்ச் சீனத்தின் போகாய் விரிகுடாக் கரையிலேயே இவற்றுள் மிகப் பெரும்பாலானவை தங்குகின்றன என்பது பின்னரே உறுதிப்பட்டது. தியன்சின் நகரை ஒட்டியும் ஹெபெய் மாகாணக் கரையிலும் அமைந்த சேற்றுவெளிகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பறவைகள் ஒருங்கே எண்ணப்பட்டுள்ளன. உலகில் பருவமெய்திய எச்சக் கடற்காகங்கள் பத்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் இடைப்பட்டவை என்பது மதிப்பீடு. இவ்விரண்டு எண்களையும் இணைத்து நோக்கின், ஓர் இனத்தின் உயிர் முழுவதும் ஒரே விரிகுடாவின் சேற்றை நம்பி நிற்பது புலனாகும். கொரியக் கரையில் சிறு தொகையே காணப்படுகிறது.

7. இடர்கள்

இப்பறவைக்கு நேரும் இடர்களை இயற்கையால் வருவன, மனிதரால் வருவன என இருவகைப்படுத்தலாம்.

தோரெய் ஏரிகள் ஏறத்தாழ முப்பதாண்டுக்கு ஒருமுறை நிறைந்து வறளும் சுழற்சி உடையவை. வறண்ட காலத்தில் அங்கே எச்சக் கடற்காகம் கூடமைப்பதில்லை. இஃது இயற்கை. பல்லாயிரம் ஆண்டுகளாக இப்பறவை இதனை எதிர்கொண்டே வந்துள்ளது. ஓர் ஏரி வறண்டபோது மற்றோர் ஏரி நிறைந்திருந்தமையால் அதற்குத் தாழ்வில்லை.

மனிதரால் நேரும் இடருக்குச் சீனத்து ஏரிகள் சான்றாகும். ஓர்டோசு மேட்டுநிலத்தில் இப்பறவை கூடமைப்பது 1990 இல் கண்டறியப்பட்டது. அங்குள்ள தாவோலிமியாவ் - அலாசான் ஏரி 1990 களில் பல்லாயிரம் பறவைகளுக்குப் புகலிடமாய் விளங்கிற்று. 2000 க்குப் பின் அவ்வேரி சுருங்கி வறண்டது. பறவைகள் தெற்கே ஷான்சி மாகாண எல்லையில் உள்ள ஹொங்ச்சியன்னாவ் ஏரிக்குப் பெயர்ந்தன. 2007 அளவில் அங்கே ஐயாயிரத்தை ஒட்டிய கூடுகள் எண்ணப்பட்டன. ஆனால் அவ்வேரிக்கும் அதே நிலை நேர்ந்தது. நீர் கொணர்ந்த ஆறுகளில் மேற்பகுதியில் அணைகள் எழுந்தன. சூழ்ந்துள்ள நிலமோ நிலக்கரிச் சுரங்கம் மிகுந்தது. 1960 களின் இறுதியில் 60 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருந்த ஏரி, 2015 அளவில் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிற்று. நீரின் உவர்ப்பும் காரத்தன்மையும் ஏறின. பறவைகள் மீண்டும் சிதறின. ஹெபெய் மாகாணத்துக் காங்பாவ் வட்டத்து ஏரி முதலிய வேறிடங்களில் புதிய கூட்டங்கள் தோன்றின.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. பறவை தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஏரி வறண்டால் அடுத்த ஏரிக்குச் செல்லும் பழைய பழக்கத்தையே பின்பற்றியது. மாறியது அடுத்த ஏரியின் நிலை. எல்லா ஏரிகளும் ஒருங்கே வறளும் காலத்தில், பல்லாயிரம் ஆண்டு காத்த பழக்கம் பயனற்றுப் போகும்.

குளிர்கால இடமும் இடருக்கு உள்ளாயிற்று. போகாய்க் கரையின் சேற்றுவெளிகள், துறைமுகத்திற்கும் தொழிற்பேட்டைக்கும் நகர் விரிவிற்குமாக மண் கொட்டி நிரப்பப்பட்டன. சேற்றுவெளி காண்பவர்க்குப் பாழ்நிலமாகத் தோன்றும். ஆயின் அதுவே பறவைகளின் நெல்வயல். அதனை நிரப்புதல் விளைநிலத்தை மூடுதலுக்கு ஒப்பாகும்.

8. காக்கும் முயற்சிகள்

தனியினம் என்ற ஏற்பு கிடைத்த பின், அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் முதற்பட்டியலிலும், 1979 இல் பான் நகரில் கையெழுத்தான வலசை உயிரினங்கள் பற்றிய உடன்படிக்கையின் முதற்பட்டியலிலும் இப்பறவை இடம்பெற்றது. சீன அரசு 1989 இல் வெளியிட்ட பட்டியலில் இது முதல்நிலைக் காப்புக்குரிய உயிரினமாயிற்று. உருசியாவில் தோரெய் ஏரிகளை உள்ளடக்கிய தவூர் காப்பகம் 1987 இலும், கசக்குத்தானில் அலாக்கோல் காப்பகம் 1998 இலும் நிறுவப்பட்டன.

கரைநிலங்களைப் பொறுத்தவரை, 2018 இல் சீன அரசு வணிக நோக்கில் கடற்கரையை நிரப்பும் புதிய திட்டங்களுக்குத் தடை விதித்தது. மஞ்சட்கடல் - போகாய் வலசைப் பறவைப் புகலிடங்கள் 2019 இல் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தன. 2024 இல் அவற்றின் எல்லை மேலும் விரிந்தது. இவை நம்பிக்கை தரும் செய்திகளே. எனினும் முன்னரே நிரப்பப்பட்ட சேற்றுவெளி மீள்வதில்லை.

இம்முயற்சிகளில் ஒரு குறை எஞ்சுகிறது. காப்பகம் என்பது எல்லை வகுத்த ஓரிடம். இப்பறவையோ எல்லை அறியாது ஏரிக்கு ஏரி பெயர்வது. ஓர் ஏரியைக் காத்து ஒன்பது ஏரிகளைக் கைவிட்டால், காத்த ஏரி வறளும் ஆண்டில் பறவைக்குப் புகலிடம் இராது. இன்று வெறுமையாய்க் கிடக்கும் ஏரியும், பறவையற்ற தீவும் நாளைய தேவைக்கு உரியவை. கசக்குத்தான், உருசியா, மங்கோலியா, சீனம் ஆகிய நான்கு நாடுகளும் இவ்வேரிகள் அனைத்தையும் ஒரே தொகுதியாகக் கருதினாலன்றி இவ்வினத்தை முழுமையாகக் காத்தல் இயலாது. பறவையின் பழக்கத்தை அறிந்தோர் இம்முடிவிற்கே வருவர்.

முடிவுரை

ஒரு நிலத்திற்குரிய பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வந்து தோன்றுவதும் உண்டு என்பதைத் தொல்காப்பியர் அறிந்திருந்தார். அவ்வாறு வந்தவற்றை வந்த நிலத்தின் பொருளாகவே கொள்ளுமாறு அவர் வழி கூறினார். நெய்தற்புள் பாலையில் கூடமைத்தலும் அத்தகையதே. எச்சக் கடற்காகத்தை நெய்தலுக்கு மட்டும் உரியதாகக் கொண்டு கரையை மட்டும் காத்தாலும், பாலைக்கு மட்டும் உரியதாகக் கொண்டு ஏரியை மட்டும் காத்தாலும் அது பிழையாது. இரண்டும் அதற்கு நிலம்.

இக்கட்டுரையால் அறியப்பட்டவை வருமாறு: எச்சக் கடற்காகம் தனியினமே என்பதனை அதன் கூடும் பார்ப்பும் மெய்ப்பித்தன. கருந்தலை, அகன்ற வெண்பிறைகள், கருங்கண், தடித்த செவ்வலகு, செங்கால், வெண்புள்ளி கோத்த சிறகு நுனி ஆகியவை ஒருங்கே அமைந்தது அது. நீரளவுக்கேற்ப ஏரி மாறும் பழக்கமே அதன் வாழ்வைக் காத்தது. ஏரிகள் ஒருங்கே அழியின் அப்பழக்கம் காவாது.

இலக்கணத்தில் எச்சம் என்பது முடிக்கும் சொல்லை எதிர்நோக்கி நிற்பது. தனித்து நின்று பொருள் முடியாது. முடிக்கும் சொல்லைப் பொறுத்தே அதன் பொருள் நிறைவுறும். இப்பறவையின் பெயரும் அவ்வாறே நிற்கிறது. அழிந்தது என்று முடிப்பதா, வாழ்ந்தது என்று முடிப்பதா என்பது ஏரிக்கு வரும் நீரையும் கரையிற் கிடக்கும் சேற்றையும் ஆள்பவர் கையில் உள்ளது.